பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்தும் திரைக்கதையும் சேர்ந்த பாடம் எடுக்கப்போகிறேன். பாடத்தை எப்படி அமைப்பது, என்னென்ன புத்தகங்கள் வைப்பது?

இலக்கியம் நடத்திப் பழக்கம் உண்டு, எழுதச் சொல்லிக்கொடுத்ததில்லை என்கிறீர்கள். 15 வாரப் பருவம், வாரத்துக்கு 3 மணி நேரம், 12 மாணவர்கள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். புத்தகப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். முதலில் நாட்காட்டியை எடுங்கள்.

இந்த வகுப்புகள் பெரும்பாலும் படுத்துவிடுவது ஒரே இடத்தில்தான். கதாபாத்திரம் என்றால் என்ன, தொடக்கம், நடு, முடிவு என்ற மூன்று அங்க அமைப்பு என்றால் என்ன என்று பாதிப் பருவம் விரிவுரையில் போய்விடும். கடைசி வாரம் எல்லோரும் முழுப் பிரதியை ஒப்படைப்பார்கள். மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுப்பதற்குள் விடுமுறை வந்துவிடும். மாணவர் மொத்தமே ஒரு வரைவுதான் எழுதியிருப்பார். எழுத்தைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்ற சண்டை எப்போதும் ஓயப்போவதில்லை. ஆனால், எழுதியதைத் திருத்தி எழுதக் கற்றுக்கொடுக்க முடியும். அதற்குத்தான் வாரங்கள் வேண்டும்.

கணக்கு இப்படி. ஒரு பிரதியை உருப்படியாகப் பேச 40 நிமிடம். ஒரு வகுப்பில் மூன்று பிரதிகள், 15 நிமிட இடைவேளை, மீதி 45 நிமிடம் பயிற்சி. 12 பேருக்கு ஆளுக்கு இரண்டு முறை என்றால் 24 பிரதிகள், 8 வாரம். ஆக முதல் 4 வாரம் சிறு பயிற்சிகள், 5 முதல் 8 வரை பிரதிகளைப் பேசும் முதல் சுற்று, 9ஆம் வாரம் வகுப்பு இல்லாமல் ஆளுக்கு 15 நிமிடத் தனிச் சந்திப்பு, 10 முதல் 13 வரை இரண்டாம் சுற்று, 14இல் பிரதிகளை உரக்கப் படித்துக் கேட்கும் குரல் வாசிப்பு, 15இல் ஒப்படைப்பு. இரண்டாம் சுற்றிலும் அதே வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். நியாயமாக இருக்கட்டும் என்று வரிசையைத் திருப்பிப்போட்டால், 8ஆம் வாரம் வந்தவர் 10ஆம் வாரமே மறுபடி வரவேண்டியிருக்கும். அதே வரிசை என்றால் எல்லோருக்கும் திருத்த 5 வாரம் கிடைக்கும். மாணவர் எண்ணிக்கை 25 ஆகிவிட்டால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அப்போது ஐந்து ஆறு பேராகப் பிரித்துவிட்டு நீங்கள் குழு குழுவாகச் சுற்றி வாருங்கள். முழு வகுப்பாகவே நடத்தினால் ஒரு பிரதிக்கு இருபது நிமிடம்கூட மிஞ்சாது. அதற்குள் பாராட்டுக்கு மேல் அதிகம் நடக்காது.

பிரதியின் நீளம்: சிறுகதை என்றால் 1,500 முதல் 2,000 சொல், திரைக்கதை என்றால் 8 முதல் 10 நிமிடம். இரண்டரை மணி நேரப் படம்தான் எழுதுவேன் என்று கட்டாயம் ஒருவராவது வருவார். கையில் கதை இருக்கும், காட்சி இருக்காது. அதிலிருந்து ஒரு காட்சியை மட்டும் எழுதிவரச் சொல்லுங்கள்.

முதல் நான்கு வாரத்தில் உங்கள் கவனமெல்லாம் கதைக்கும் திரைக்கதைக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கட்டும். கதையில் மனதுக்குள் நுழையலாம். திரைக்கதையில் பார்ப்பதும் கேட்பதும் மட்டுமே. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எழுதும்போது 'அவன் தன் இளமையை நினைத்துப் பார்க்கிறான்' என்றுதான் வரும். அதனால் சொல்வதை விட்டுவிட்டுப் பென்சிலைக் கொடுங்கள். நினைக்கிறான், உணர்கிறான், ஞாபகம் வருகிறது, புரிந்துகொள்கிறாள் போன்ற வினைச்சொற்களை எல்லாம் அவர்களே வட்டமிட வேண்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் கேமரா எதைக் காட்டும் என்று ஓரத்தில் எழுத வேண்டும். எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த வரி போக வேண்டியதுதான். பிறகு இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: ஒரு பக்கக் காட்சியைக் கதைப் பத்தியாக மாற்றச் சொல்லுங்கள். கேமராவால் முடியாததைக் கதை எங்கே செய்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும். திரைக்கதையை மட்டும் எழுதிப் பழகியவர்களின் கதை வெறும் குறிப்பு போல வறண்டு கிடப்பதற்கு இந்தப் பயிற்சி இல்லாததும் ஒரு காரணம்.

வசனத்துக்கு ஒரே ஒரு பயிற்சி போதும். இரண்டு பேர், ஒருவருக்கு மற்றவரிடமிருந்து ஒன்று வேண்டும், ஆனால் வாய்விட்டுக் கேட்க முடியாது. ஒரு பக்கம். '(கோபமாக)', '(வருத்தத்துடன்)' போன்ற அடைப்புக்குறிகளுக்கு நான்கு வாரமும் தடை. வசனத்தில் கோபம் இல்லாததால்தான் அடைப்புக்குறி வருகிறது. தமிழில் இன்னொரு வம்பும் உண்டு. எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு என்பதால் மாணவர் 'நீ ஏன் வரவில்லை' என்று எழுதிவிட்டு நடிகர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார். 'ஏன் வரல?' என்று எழுதிப்பார்த்தால்தான் வரியின் நீளமும் தாளமும் தெரியும். சூழல் விவரிப்பு எழுத்துத் தமிழில், வசனம் அந்தந்தப் பாத்திரத்தின் பேச்சில் என்று முதல் நாளே விதியாக்கிவிடுங்கள்.

வடிவம் பற்றி வகுப்பில் அரை மணி நேரத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். காட்சி எண், உள்ளா வெளியா, இடம், பகலா இரவா. அதன் கீழே நிகழ்காலத்தில் விவரிப்பு. அவ்வளவுதான். 'ஒரு பக்கம் ஒரு நிமிடம்' என்ற கணக்கு மட்டும் கவனம். அது கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில், ஆங்கிலத்தில் அடித்த பக்கத்துக்கு உரிய தோராயம். அந்த எழுத்துருவில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். தமிழ் எழுத்துருக்கள் அப்படி இல்லை, சொற்களும் நீளம். பக்கத்தை எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். உரக்கப் படித்து ஸ்டாப்வாட்சில் பாருங்கள்.

முழுப் பிரதிக்கு முன்னால் சீன் ஆர்டர், அதாவது காட்சிகளின் வரிசை. பத்து நிமிடப் படத்துக்கு 6 முதல் 8 அட்டைகள். ஒவ்வொன்றிலும் மூன்று வரி: எங்கே, யாருக்கு என்ன வேண்டும், முடியும்போது எது மாறியிருக்கிறது. மூன்றாவது வரி காலியாக இருந்தால் அட்டையைக் கவிழ்த்து வையுங்கள். பிறகு அட்டைகளை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் 'அப்புறம்... அப்புறம்...' என்றே வந்தால் சம்பவங்கள் வரிசையாக நிற்கின்றன, கதை நகரவில்லை. 'அதனால', 'ஆனா' வர வேண்டும்.

இனி பட்டறை, அதாவது ஒருவரின் பிரதியை வகுப்பே கூடிப் பேசுவது. எழுதியவர் வாயைத் திறக்காமல் இருக்க மற்றவர்கள் பேசுவது பழைய முறை. 1936இல் அயோவா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எழுத்தாளர் பட்டறையோடு சேர்த்து அது பேசப்படுகிறது. அதில் ஒரு நன்மை: எழுதியவர் விளக்கம் சொல்லித் தப்பிக்க முடியாது. கெடுதல்: குரல் ஓங்கியவரின் ரசனையே தீர்ப்பாகிவிடும். புதியவர்களுக்கு நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த நான்கு படிகள் பொருத்தம். முதலில் பிரதியில் எது மனதில் நின்றது என்று மற்றவர்கள் சொல்வார்கள். அடுத்து எழுதியவர் கேட்பார். மூன்றாவதாக மற்றவர்கள் கேட்பார்கள், ஆனால் கேள்விக்குள் கருத்தை ஒளித்துவைக்கக் கூடாது. 'ஏன் இவ்வளவு இழுக்கிறது?' என்பது கேள்வியே அல்ல. 'இந்தக் காட்சி எவ்வளவு நேரம் நடக்கிறது?' என்பது கேள்வி. கடைசியில், எழுதியவர் சம்மதித்தால் மட்டும், கருத்து. சறுக்கல் எப்போதும் மூன்றாவது படியில்தான். முதல் இரண்டு வாரம் நீங்களே குறுக்கே புகுந்து திருத்த வேண்டியிருக்கும்.

பிரதி ஒரு வாரம் முன்பே எல்லோர் கைக்கும் போக வேண்டும். ஒவ்வொருவரும் 250 சொல்லில் குறிப்பு எழுதிவர வேண்டும். எழுதாதவர் அன்று பேசக் கூடாது. இன்னொன்று, கதையில் வருபவரை 'நீ' என்று சொல்ல விடாதீர்கள். 'கதைசொல்லி' என்றே சொல்லட்டும். இருபது வயதில் பலர் தங்கள் காயத்தையே எழுதுவார்கள். விவாதம் பிரதியோடு நிற்க இந்த ஒரு சொல் உதவும். எழுத்தில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் அறிகுறி தெரிந்தால் அது பட்டறைக்கு உரிய விஷயம் இல்லை. அந்த மாணவரிடம் தனியாகப் பேசி, பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் சேர்த்துவிடுங்கள். அப்படிச் செய்வீர்கள் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவைப்பது நல்லது.

மதிப்பெண்ணைத் திறமைக்குப் போட்டால் ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர் எதுவும் கற்காமலே முதலிடம் வருவார். பயிற்சிகளுக்கு 20, மற்றவர்களுக்கு எழுதிய குறிப்புகளுக்கு 20, இறுதிப் பிரதிக்கு 35, எதை ஏன் மாற்றினார் என்ற இரண்டு பக்கக் குறிப்புக்கு 25 என்று பிரித்துப்பாருங்கள். முதல் வரைவையும் இணைக்கச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை திருத்தியதையே திருத்தம் என்று காட்டுபவர்கள் அப்போது வெளிப்பட்டுவிடுவார்கள். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி வருபவரும் இந்தக் குறிப்பில்தான் தடுமாறுவார்.

புத்தகம் கேட்டீர்கள். இரண்டு மூன்று நல்ல சிறுகதைகள், ஒரு படத்தின் திரைக்கதையிலிருந்து ஐந்து பக்கம் போதும். பக்கங்களைப் படித்த பிறகுதான் காட்சியைத் திரையிட வேண்டும். முதலில் படத்தைப் போட்டால் யாரும் எழுத்தைப் பார்க்க மாட்டார்கள்.

14ஆம் வாரக் குரல் வாசிப்பில் எழுதியவர் எந்தப் பாத்திரத்தையும் வாசிக்கக் கூடாது. விவரிப்பைக்கூட வேறொருவர் வாசிக்கட்டும். 12 பிரதிகளையும் முழுதாக வாசித்தால் ஒரே வகுப்பில் நேரம் நெருக்கும். ஆளுக்கு நாலைந்து பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் திக்கும் இடத்திலெல்லாம் எழுதியவர் தன் பிரதியில் ஒரு கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒப்படைப்புக்கு முன் அந்தக் கோடு விழுந்த வரிகளைத் திருத்த இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.