எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

பாடசாலைக் கண்காட்சிகள் நடக்கிற காலம் என்பதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கண்டுபிடிப்புகளைப் பற்றியவை. அவற்றை மட்டும் சேர்த்து எடுத்திருக்கிறேன்.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிறேன். கண்காட்சிக்குப் புதிதாக ஏதாவது செய்யச் சொல்கிறார்கள். எதை யோசித்தாலும் யூடியூப்பில் யாரோ முன்னமே செய்துவிட்டார்கள். யோசனை எப்படித்தான் வரும்?
— மாணவி, கல்முனை

மகள், யோசனை தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம், அதைத் தேடிப் போகலாம், தேடுவதற்கு வழியும் இருக்கிறது. சோவியத் கடற்படையில் கண்டுபிடிப்புகளைப் பரிசீலிக்கிற வேலையில் இருந்த கென்ரிக் அல்ட்சுல்லர் என்பவர் 1946இல் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஒரு கண்டுபிடிப்பு இன்னாருடையது என்று அரசாங்கம் கொடுக்கிற காப்புரிமைப் பத்திரங்களை ஆயிரக்கணக்கில் புரட்டிப் பார்த்தபோது, துறை வேறு, பொருள் வேறு, ஆனால் சிக்கலைத் தீர்த்த விதம் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதைக் கண்டார். இடையில் ஸ்டாலின் காலத்துக் கட்டாய உழைப்பு முகாமிலும் கிடந்தார். வெளியே வந்தபின் அந்த விதங்களை 40 கோட்பாடுகளாகத் தொகுத்தார். பிற்காலத்தில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் சிலர் அதை இன்னும் சுருக்கி ஐந்து வழிகளாக்கினார்கள்: ஒன்றை எடுத்துவிடுவது, பிரித்து வேறிடத்தில் வைப்பது, ஒன்றைப் பலவாக்கி ஒவ்வொன்றையும் கொஞ்சம் மாற்றுவது, இருக்கிற பொருளுக்கே இன்னொரு வேலை கொடுப்பது, இரண்டு தன்மைகளை ஒன்றோடொன்று கட்டிவிடுவது.

முதலாவதைப் பாருங்கள். சோனி நிறுவனத்திடம் செய்தியாளர்கள் பாவிக்கிற சின்ன கேசட் ரெக்கோடர் ஒன்று இருந்தது. அதில் பதிவு செய்கிற பகுதியை எடுத்தார்கள், ஸ்பீக்கரையும் எடுத்தார்கள், பாரம் குறைந்த ஹெட்போன் ஒன்றைச் சேர்த்தார்கள். பதிவு செய்ய முடியாத பெட்டியை யார் வாங்குவார்கள் என்று அந்த நிறுவனத்துக்குள்ளேயே சந்தேகம் இருந்தது. 1979 ஜூலையில் அது வாக்மேன் என்ற பெயரில் கடைக்கு வந்தது, முதலில் செய்த 30,000 பெட்டிகளும் இரண்டு மாதத்துக்குள் தீர்ந்தன. எடுத்துவிட்ட பிறகு மிஞ்சியதைப் பார்த்து "இது யாருக்குப் பயன்படும்" என்று கேட்டதில்தான், நடந்துகொண்டே பாட்டுக் கேட்கிற மனிதன் அவர்கள் கண்ணில் பட்டான்.

வீட்டில் ஏதாவது ஒரு பொருளை எடுத்து அதன் பாகங்களைத் தாளில் எழுதுங்கள். இது இல்லாவிட்டால் பொருளே இல்லை என்று தோன்றுகிற பாகத்தை வெட்டிவிட்டு, மிஞ்சியது யாருக்கு உதவும் என்று ஒரு மணித்தியாலம் யோசியுங்கள். பத்துத் தடவை செய்தால் ஒன்பது தடவை ஒன்றும் வராது, அதற்காக விட்டுவிடாதீர்கள்.

கண்டுபிடிப்பு என்றாலே போன், கொம்பியூட்டர், ரோபோ என்றுதான் எழுதுகிறீர்கள். வயல் செய்கிறவனுக்கு என்ன இருக்கிறது?
— விவசாயி, வெல்லாவெளி

அண்ணன், நியாயமான கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு ஒன்று வயலுக்கு உரியதுதான், அதற்கு கரண்டும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம். ஏறக்குறைய ஒரு அடி நீளமான பிளாஸ்டிக் குழாய், கீழ்ப்பாதியில் சுற்றிவரத் துளைகள், அவ்வளவுதான். துளையுள்ள பாதியை வயலுக்குள் புதைத்து, உள்ளே இருக்கிற மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால், வெளியே தண்ணீர் வற்றித் தெரிந்தாலும் நிலத்துக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று குழாய்க்குள் பார்க்கலாம். 15 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மட்டும் வக்கடையைத் திறந்து மறுபடி பாய்ச்ச வேண்டும். பிலிப்பைன்சில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. 30 சதவீதம் வரை தண்ணீர் மிஞ்சும், விளைச்சல் குறையாது. ஆனால் நட்டு அல்லது விதைத்து முதல் சில கிழமைகள் களையை அடக்குவதற்காகவும், பூக்கிற காலத்தில் பயிருக்காகவும் தண்ணீர் நிற்கத்தான் வேண்டும், அந்த நேரத்தில் இதைச் செய்யக் கூடாது.

முன்பு தண்ணீர் பாய்ச்சுவது நாள் கணக்கோடு கட்டப்பட்டிருந்தது, குழாய் அதை அவிழ்த்து மண்ணுக்குள் இருக்கிற நீர்மட்டத்தோடு கட்டியது. ஐந்தாவது வழி என்று மேலே சொன்னது இதுதான். நவகிரிக் குளத்தில் தண்ணீர் குறைந்து சிறுபோகத்தில் யாருக்கு எத்தனை ஏக்கர் என்று பிரிக்கிற வருடங்களை நினைத்துப் பாருங்கள், அந்தத் துண்டுக் குழாயின் பெறுமதி தெரியும்.

போனுக்குப் பின்னால் மூன்று கமெரா, நான்கு கமெரா என்று வைக்கிறார்கள், மடிக்கிற போனும் வந்துவிட்டது. இதெல்லாம் உண்மையான புதுமையா, வியாபாரமா?
— போன் கடைத் தம்பி, காத்தான்குடி

இரண்டும் உண்டு. ஒரே கமெராவை மூன்று தடவை ஒட்டினால் அது புதுமை இல்லை. ஒன்று அகலமாகப் பார்க்க, ஒன்று தூரத்தைக் கிட்டக் கொண்டுவர என்று வேலை மாறினால் புதுமை. மடிக்கிற போன் 2019இல் பெரிய அளவில் கடைக்கு வந்தது, பெரிய திரையும் வேண்டும், பொக்கெட்டிலும் அடங்க வேண்டும் என்ற முரணைத் தீர்க்கப் பார்க்கிறது. அந்த முரண் உங்கள் வாடிக்கையாளருக்கு இருக்கிறதா என்று கேட்டு விற்பனை செய்யுங்கள்.

நான் எருமைத் தயிர் போட்டு விற்கிறேன். பிளாஸ்டிக் கோப்பைக்கு மாறச் சொல்கிறார்கள், சட்டி பழைய காலம் என்கிறார்கள். நாங்கள் பின்தங்கிவிட்டோமா?
— ஒரு சகோதரி, செங்கலடி

இல்லை அக்கா. உங்கள் சட்டி இரண்டு வேலை செய்கிறது. தயிரைத் தாங்குவது ஒன்று. மண்ணின் நுண்துளைகள் வழியே தண்ணீரை உறிஞ்சித் தயிரை இறுகச் செய்வது மற்றது. பிளாஸ்டிக் கோப்பைக்கு முதல் வேலை மட்டும்தான் தெரியும், அதனால் அதில் அதே இறுக்கம் வேண்டுமென்றால் வேறு ஏதாவது செய்தாக வேண்டும். இருக்கிற பொருளுக்கே இன்னொரு வேலை என்ற வழியை, பெயர் வைக்காமலே, நம்முடைய குயவர்களும் தயிர்க்காரர்களும் எப்போதோ கையில் வைத்திருந்தார்கள்.

இதே வழிதான் கென்யாவில் 2007இல், போன் வழியாகப் பணம் அனுப்புகிற எம்-பெசா என்று வந்தது. வங்கிக் கிளை இல்லாத ஊரில் போனுக்குக் காசு போடுகிற சின்னக் கடை இருந்தது, அந்தக் கடைக்கே பணம் வாங்கிக் கொடுக்கிற வேலையையும் கொடுத்தார்கள். புதுக் கட்டடம் ஒன்றும் எழும்பவில்லை. நம் நாட்டிலும் 2012இல் ஈசி கேஷ் வந்தது.

சட்டியில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. பாரம், உடைவு, பஸ்ஸில் கொண்டுபோகிற கஷ்டம் எல்லாம் இருக்கிறது. யோசிக்க வேண்டிய இடம் அதுதான்: சட்டியை வைத்துக்கொண்டே அந்தக் கஷ்டத்தை எப்படிக் குறைப்பது?

லான்ட்மாஸ்டருக்குப் பூட்டுகிற ஒரு கருவியை நானே செய்தேன். ஆறு மாதமாக வயலில் பாவிக்கிறேன். இப்போது பக்கத்து ஊரில் ஒருவர் அதைப் பார்த்துச் செய்து விற்கிறார். ஏதாவது செய்ய முடியுமா?
— ஒட்டுவேலைக்காரர், அக்கரைப்பற்று

முடியும், ஆனால் நேரம் ஓடுகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். பொருள் புதிதாக இருக்க வேண்டும், பலர் பார்க்கப் பாவித்துவிட்டால் புதுமை போய்விடும் என்பது பொது விதி. ஆனால் கண்டுபிடித்தவரே வெளிப்படுத்தியதாக இருந்தால், விண்ணப்பத்துக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் நடந்ததைக் கணக்கில் எடுப்பதில்லை. உங்களுக்கு ஆறு மாதம் போய்விட்டது, மிச்சத்தை வீணாக்காதீர்கள். புத்தாக்குநர்களுக்கு உதவுவதற்கென்றே இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழுவும் இருக்கிறது, அங்கேயும் கேளுங்கள்.

நீங்கள் பாவிக்கிற அந்த இரண்டு சில்லு இயந்திரத்துக்குப் பின்னாலும் நம் நாட்டு எந்திரி ஒருவரின் பெயர் இருக்கிறது. ரே விஜேவர்தன 1950களில் லான்ட்மாஸ்டரில் வேலை செய்தார். பெரிய டிரக்டரிலிருந்து இரண்டு சில்லை எடுத்துவிட்டு மிஞ்சியதைப் போலத்தான் அது எனக்கு எப்போதும் தோன்றும். பிறகு அவரே மண்ணைக் காக்கிற விவசாயத்தின் பக்கம் திரும்பினார்.

விண்ணப்பத்துக்கு வரைபடமும் விளக்கமும் தேவைப்படும். கருவியைப் பேஸ்புக்கில் போட வேண்டாம். ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, அது என்ன வேலை செய்கிறது, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று திகதி போட்டுக் கொப்பியில் எழுதுங்கள். வரைபடம் போட, கல்முனை மாணவியைப் போல தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளை ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார், கூப்பிட்டுக் கேளுங்கள்.