டீனேஜ் கர்ப்பத்த தடுக்க மாநில அளவுல ஒரு அமைப்பு: எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

கேள்வி: தருமபுரி மாவட்டத்துல ஒரு ஒன்றியத்துல சின்ன டிரஸ்ட் வச்சு குழந்தை திருமணம், சின்ன வயசு கர்ப்பம் ரெண்டையும் தடுக்கற வேலை செய்யறோம். தமிழ்நாடு முழுக்க கொண்டு போக என்ன பண்ணணும்?

பதில்: 38 மாவட்டத்துலயும் ஆபீஸ் திறக்கற ஐடியாவ முதல்ல விட்டுடுங்க. நிறைய மாவட்டத்துல உங்கள மாதிரி யாராவது ஏற்கனவே உழைச்சுட்டு தான் இருக்காங்க, அவங்களுக்கு டிரெய்னிங், வக்கீல் உதவி, டேட்டா, சென்னைல அதிகாரிங்ககிட்ட பேச ஒரு ஆள், இதெல்லாம் தான் இல்ல, அத நீங்க குடுத்தா அதுதான் மாநில அமைப்பு. முதல் வருஷம் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் போதும்.

கல்யாணத்த நிறுத்தறதோட வேலை முடிஞ்சிடாதுங்க. 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல 20-24 வயசு பொண்ணுங்கள்ல 18 வயசுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்க 12.8 சதவீதமா குறைஞ்சிருக்காங்க, ஆனா 15-19 வயசுல தாயானவங்க இல்ல கர்ப்பமா இருந்தவங்க முந்தின சர்வேல இருந்த 5-லேர்ந்து 6.3 சதவீதமா ஏறியிருக்காங்க.

இந்த பொண்ணுங்க ஆஸ்பத்திரிக்கே வர பயப்படறாங்க. கர்ப்பிணிங்களுக்கு அரசு குடுக்கற முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கு 19 வயசு ஆகியிருக்கணும், 18-க்கு கீழன்னா போக்சோ (குழந்தைகள பாலியல் குற்றத்துலேர்ந்து பாதுகாக்கற சட்டம்) 19-வது பிரிவுப்படி போலீஸுக்கு தகவல் போயே ஆகணும், அதனால வயச மாத்தி சொல்றது, மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கி முழுங்கறதுன்னு உயிருக்கே ஆபத்தா போயிடுது. கருக்கலைப்புக்கு வர்ற மைனர் பொண்ணும் அவ கார்டியனும் கேட்டா, போலீஸுக்கு தகவல் குடுக்கறப்ப டாக்டர் அந்த பொண்ணோட பேர சொல்ல வேண்டியதில்லன்னு சுப்ரீம் கோர்ட் 2022-லயே சொல்லிடுச்சு. இத ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கொண்டு போய் சேக்கறது உங்க முதல் வேலையா இருக்கட்டும். தகவல் சொல்ற கடமை உங்க ஸ்டாஃபுக்கும் உண்டு, அதனால எத ரகசியமா வச்சுக்க முடியும், எத முடியாதுன்னு பொண்ணு வாய திறக்கறதுக்கு முன்னாடியே அவகிட்ட நேர்மையா சொல்லிடணும், அந்த நம்பிக்கை ஒரு தடவ உடைஞ்சா அந்த ஊர்லேர்ந்து அடுத்த பொண்ணு வரவே மாட்டா.

மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தை திருமண தடுப்பு அதிகாரி, அவங்களோட மாசாமாசம் உக்காருங்க. பரீட்சை முடிஞ்சு வைகாசி முகூர்த்தம் வரைக்கும் ஸ்கூல் பாதியில நின்ன பொண்ணுங்க லிஸ்ட்ட கைல வச்சுக்கோங்க, சந்தேகம்னா குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098-க்கு போன் போடுங்க. பெத்தவங்ககிட்ட சட்டத்த மட்டும் சொல்லி மிரட்டாம அரசோட புதுமைப்பெண் திட்டத்துல அரசு ஸ்கூல்ல படிச்ச பொண்ணு காலேஜ் போனா மாசம் 1000 ரூபா வரும்னும் பேசுங்க. ஆம்பள பசங்களுக்கும் கிளாஸ் எடுங்க, அத நிறைய பேர் செய்யறதில்ல.

டிரஸ்ட் டீட்ல செயல்பாட்டு எல்லை ஒரு மாவட்டம்னு இருந்தா திருத்தணும். வருமான வரித்துறையில டிரஸ்ட் பதிவும் (12ஏன்னு சொல்றது), நன்கொடை குடுக்கறவங்களுக்கு வரிச்சலுகை கிடைக்கற அனுமதியும் (80ஜின்னு சொல்றது) இருக்கான்னு பாருங்க, கம்பெனிங்க சமூகப் பணிக்கு ஒதுக்கற சிஎஸ்ஆர் பணம் வேணும்னா சிஎஸ்ஆர்-1 பதிவும் வேணும். ஒரே டோனர நம்பி சம்பளம் போடாதீங்க.