பெப்டைடு எங்கேயும் போகவில்லை, என்சைமை மாற்ற வேண்டாம்

கேள்வி: காப்பா கேசீன் என்ற பால் புரதத்தை, பாலைத் திரிய வைக்கும் கைமோசின் என்சைமால் வெட்டி, அதிலிருந்து 64 அமினோ அமிலங்கள் கொண்ட கிளைக்கோமேக்ரோபெப்டைடு என்ற துண்டைப் பிரிக்கப் பார்க்கிறேன். கலவையைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி கருவியில் 280 நானோமீட்டர் ஒளியில் பீக்கே (வரைபட மேடு) வரவில்லை. என்சைம் செத்துவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்கிறார் சப்ளை ஏஜென்ட். வாங்கலாமா?
- ஓர் ஆய்வு மாணவி

பதில்: வாங்காதீர்கள். முதலில் கொழுப்பு நீக்கிய பாலில் உங்கள் என்சைமைக் கொஞ்சம் விட்டு, வெதுவெதுப்பாக வைத்துப் பாருங்கள். பால் திரிந்தால் என்சைம் நன்றாகத்தான் இருக்கிறது. காசு செலவில்லாத இந்தச் சோதனையை எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டார்.

சிக்கல் 280இல் இருக்கிறது. அந்த அலைநீளத்தில் முக்கியமாகத் தெரிபவை டிரிப்டோபான், டைரோசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள். கைமோசின் வெட்டுவது 105ஆவது அமினோ அமிலத்துக்கும் 106ஆவதுக்கும் நடுவில். டிரிப்டோபானும் டைரோசினும் முதல் துண்டோடு போய்விடும். உங்களுக்கு வேண்டிய 106 முதல் 169 வரையான துண்டில் ஒன்றுகூடக் கிடையாது. டிடெக்டரை 214க்கு மாற்றுங்கள். அங்கே பெப்டைடு பிணைப்பே ஒளியை உறிஞ்சும். என்சைம் சேர்க்காத மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள், புதிதாக வந்த பீக் எது என்று தெரிந்துவிடும். புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் போடும் நீலச் சாயம் இந்தப் பெப்டைடை ஒழுங்காகப் பிடிக்காது, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பொதுக் கருவி மையத்தில் 280ஐ மாற்ற மாட்டோம் என்றால் விடாமல் கேளுங்கள். ஒரு பட்டன் வேலைக்கு மூன்று கையெழுத்து கேட்கும் இடங்கள் இருக்கின்றன, எரிச்சலாகத்தான் இருக்கிறது.

214இல் ஒரு பீக்குக்குப் பதில் நாலைந்து வந்தால் பயப்படாதீர்கள். பசுவின் காப்பா கேசீனில் ஏ, பி என்று முக்கியமாக இரண்டு மரபு வகைகள் உண்டு. இரண்டே அமினோ அமிலங்களில்தான் வேறுபாடு. அதன் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒன்றுமில்லாமலும் இருக்கும், பலவும் இருக்கும். எல்லாமே உங்கள் பெப்டைடுதான், கலப்படம் இல்லை. கேசீனைப் படிய வைக்க 12 சதவீத ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம் ஊற்றினீர்களா? சர்க்கரை இல்லாத பகுதி வீழ்படிவோடு போயிருக்கும், மிஞ்சுவது சர்க்கரை ஏறியது மட்டும். 2 சதவீதம் என்றால் இரண்டும் கரைசலில் நிற்கும். ஆய்வேட்டுக் குழு ஒற்றைப் பீக்கைக் கேட்கும் என்பதற்காக இதையெல்லாம் வெட்டி எறிவது அநியாயம். சர்க்கரை ஏறிய வடிவமும் ஏறாததும் ஒரே பொருளின் பாதிப் பாதி.

அப்புறம், ஏஜென்ட் விஷயம். டெண்டரில் மலிவாக வருகிறது என்று பேர் ஒட்டாத சின்னக் குப்பியில் மாற்றி அடைத்த என்சைம் தருவார்கள். லாட் எண்ணையும் (தயாரிப்புத் தொகுதி எண்) அந்த லாட்டுக்கே உரிய சான்றிதழையும் கேளுங்கள். போன வருடத்துச் சான்றிதழ் ஒன்றுக்கும் உதவாது. கடையில் வாங்கிய ரெனெட் (பாலைத் திரிய வைக்கும் என்சைம் கலவை) என்றால் அது பூஞ்சையிலிருந்து எடுத்ததா என்றும் பாருங்கள். அது வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிய பிறகும் மற்ற இடங்களைக் கடித்துக்கொண்டே போகும். குளிர்ப்பெட்டி சூடாக வந்து சேர்ந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.