ஊசி குத்தாமல் சுகர் பார்க்கும் வாட்ச், வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது, பிரஷர், சுகர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். காட்பாடியில் ஒரு கடையில் 1,800 ரூபாய்க்கு ஸ்மார்ட்வாட்ச் காட்டி, ஊசி குத்தாமலே சுகர் காட்டும், பிரஷரும் காட்டும் என்றார்கள். வாங்கலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: சுகருக்காக என்றால் வேண்டவே வேண்டாம். தோலைக் குத்தாமல் தானாகவே சுகர் அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது. புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வேறு சங்கதி, அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போகிறது, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்கி ஒட்ட வேண்டும், செலவு கையைக் கடிக்கும்.

பிரஷர் கதையும் கிட்டத்தட்ட அதேதான். வாட்ச்சைத் திருப்பிப் பாருங்கள், பச்சை விளக்கு மினுக்கும். தோலுக்கடியில் ரத்தம் ஏறி இறங்குவதை அந்த வெளிச்சத்தை வைத்துப் பார்க்கிறது. நாடித்துடிப்புக்கு அது போதும், பிரஷர் என்பது அதிலிருந்து போடுகிற கணக்குதான். பிரஷர் காட்டும் சாம்சங் வாட்ச்களையே 28 நாளுக்கு ஒருமுறை, கையில் பட்டை கட்டிப் பார்க்கும் மெஷினோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். எப்படியும் மெஷின் வேண்டும் என்றால் முதலில் அதையே வாங்குங்கள், புஜத்தில் கட்டுவதாக. வாட்ச் எண்ணைப் பார்த்து அப்பா மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

சந்தேகம் தீரவில்லையா? கடையிலேயே அந்த வாட்ச்சை ஒரு தண்ணீர் பாட்டிலில் கட்டி அளக்கச் சொல்லுங்கள். பாட்டிலுக்கும் 120/80 வந்தால் பேசாமல் எழுந்து வந்துவிடலாம்.

மற்றபடி எத்தனை அடி நடந்தார், துடிப்பு எவ்வளவு என்று தெரிய வாட்ச் நல்லதுதான், அப்பாவுக்கும் நடக்க ஓர் ஆசை வரும். ஆனால் நம்ம வேலூர் வெயிலில் வியர்த்துப் பட்டை வழுக்கினால் துடிப்பு கன்னாபின்னாவென்று காட்டும், கொஞ்சம் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். விலை கூடிய வாட்ச்களில் வரும் இசிஜி கூட துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதைத்தான் சொல்லும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். சுகர் பார்க்கும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடையில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.