வாசகர் கேள்வி-பதில்: கடையில போட்டுவிட்ட பணம் எங்க போச்சு?

கோயம்புத்தூர்ல படிக்கிற மகனுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டணும்னு எங்க ஊர் மொபைல் கடையில 12,000 ரூபாய் போட்டுவிட்டேன். 120 ரூபாய் கமிஷனும் வாங்கிக்கிட்டாங்க. அவனுக்கு வந்தது 7,000 தான். கடைக்காரத் தம்பியக் கேட்டா "பென்டிங்ல இருக்குக்கா, தானா வந்துரும்"ங்குறார். ஒரு வாரமா இதே பதில்தான். மீதிப் பணம் அவ்வளவுதானா?
வாசகி, கும்பகோணம் பக்கத்துல ஒரு கிராமம்

அப்படியெல்லாம் போயிடாதுக்கா. ஆனா தானா வரும்னு உட்கார்ந்திருந்தா வராது.

கையில காசக் கொண்டுபோய் கடையில கட்டி இன்னொருத்தர் அக்கவுண்ட்டுக்கு அனுப்புறதுக்கு ஆர்பிஐ 2011லயே வரம்பு வெச்சிருக்கு, ஒரு தடவைக்கு 5,000, மாசத்துக்கு 25,000. அதனால உங்க 12,000ஐ 5,000, 5,000, 2,000ன்னு மூணா உடைச்சுத்தான் அனுப்பியிருப்பார், அதுல ஒரு 5,000 நடுவுல மாட்டிக்கிச்சு. மூணுக்கும் தனித்தனி ரசீது உண்டு, ஒவ்வொண்ணுலயும் 12 இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், சின்ன எழுத்துல ஆர்ஆர்என்னு போட்டிருக்கும். மாட்டுன 5,000க்கு உள்ள நம்பர வாங்கி மகன்கிட்ட குடுங்க, அவன் பேங்க்ல காட்டி வந்துச்சா வரலையான்னு கேக்கட்டும். ரசீதே குடுக்கலைன்னா கடைக்காரரோட போர்ட்டல்ல அனுப்புனவங்க ஃபோன் நம்பர் போட்டா அந்த மாசம் அனுப்புன கணக்கு பூரா வந்துரும், பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்க, சாக்கு சொன்னா கடையை விட்டு நகராதீங்க.

இப்ப நான் கேக்குறதுக்கு யோசிச்சு பதில் சொல்லுங்க. அன்னிக்கு உங்க ஃபோனுக்கு ஓடிபி வந்துச்சா? 2024 நவம்பர் 1ல இருந்து கடையில கட்டுற ஒவ்வொரு தடவையும் அனுப்புறவங்க உறுதிப்படுத்தினாத்தான் பணம் போகணும்னு விதி, பெரும்பாலும் அவங்க ஃபோனுக்கு வர்ற ஓடிபியச் சொல்லித்தான். உங்களுக்கு வரலைன்னா, உங்க பணம் வேற யாரோ நம்பர்ல போயிருக்கலாம். கூட்டமா இருக்கு, டவர் கிடைக்கலைன்னு தன்னோட நம்பர்லயோ மச்சான் நம்பர்லயோ தட்டிவிட்டுடுற கடைங்க இருக்கு. பணம் ஒழுங்கா போற வரைக்கும் யாருக்கும் தெரியாது. ஃபெயில் ஆச்சுன்னா அந்தக் காசு கடைக்காரர் வாலட்டுக்குத் திரும்பும், அதுக்கு முன்னாடி "ரீஃபண்ட் ஓடிபி"ன்னு ஒண்ணு வரும், அது எந்த நம்பர்ல பதிஞ்சுதோ அந்த ஃபோனுக்குத்தான் போகும். உங்க ஃபோனுக்கு வந்திருந்தா காசு எண்ணி மேசையில வைக்கிற வரைக்கும் அந்த ஓடிபிய வாயால சொல்லிடாதீங்க. மச்சான் ஃபோனுக்குப் போயிருந்தா அவங்க எப்பவோ அதைப் போட்டு ரீஃபண்ட் எடுத்துட்டு உங்ககிட்ட பென்டிங்னு சொல்லிக்கிட்டு இருக்கலாம். எல்லாக் கடைக்காரரும் அப்படின்னு சொல்லல, நிஜமாவே சர்வர்ல தொங்குறதும் உண்டு. ஆனா ஐஎம்பிஎஸ்ல, அதாவது உடனடியா அக்கவுண்ட்டுக்கு அனுப்புற முறையில, போய்ச் சேராத பணம் அடுத்த நாளுக்குள்ள ரிவர்ஸ் ஆகணும்னு 2019லயே ஆர்பிஐ சொல்லிடுச்சு, ஒரு வாரம் பென்டிங்னா ஏத்துக்க முடியாதுல்ல.

ரசீதுல ஒரு பேங்க் பேரு இருக்கும். கடைக்காரர் அந்த பேங்க்கோட ஏஜெண்ட், அவர் பண்றதுக்கு பேங்க்தான் பொறுப்பு. அந்த பேங்க்குக்கு எழுத்துல புகார் குடுத்து புகார் நம்பர் வாங்கி வெச்சுக்குங்க, 30 நாள்ல பதில் இல்லைன்னா, இல்ல சொன்ன பதில் சரியில்லைன்னா, பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற ஆர்பிஐ ஓம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், காசு கட்ட வேண்டாம், வக்கீல் வேண்டாம், புகார எப்படிப் போடுறதுன்னு 14448ங்குற நம்பருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டா சொல்லுவாங்க. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது, புகார் நம்பரக் காட்டினாலே தம்பிக்கு சர்வர் வேலை செய்ய ஆரம்பிச்சுடும்.

குறுவை நடவுக்கு மேற்கு வங்காளத்துல இருந்து ஆளுங்க வந்திருக்காங்க. கூலிய ஊருக்கு அனுப்ப என்னைத்தான் கடைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. பாஷை தெரியாததால என் ஃபோன் நம்பர், என் ஆதார் குடுத்து அனுப்புறேன். இதுல ஏதும் வம்பு வருமா?
விவசாயி, நீடாமங்கலம்

வரும்ணே. உங்க மனசு நல்ல மனசுதான், ஆனா உங்க பேர்ல அனுப்பாதீங்க. கடையில கட்டுற பணத்தோட அனுப்புனவர் விவரமும், இது ரொக்கமா கட்டுன பணம்ங்குற அடையாளமும் சேர்ந்தேதான் அந்தப் பக்க பேங்க்குக்குப் போகுது. நாளைக்கு அங்க இருக்குற ஏதாவது ஒரு அக்கவுண்ட் சைபர் கிரைம் கேஸ்ல மாட்டினா, இவருக்குப் பணம் போட்டவர் யாருன்னு தேடுறப்ப நீடாமங்கலத்துல உங்க பேருதான் வரும், நீங்க நடவு ஆளுங்கன்னு வெளக்கம் சொல்லிக்கிட்டு அலையணும். அதுபோக மாசம் 25,000 வரம்புல நாலு பேரு கூலி போனா உங்க வீட்டுத் தேவைக்கு அந்த மாசம் இடமே இருக்காது.

அவங்ககிட்ட ஃபோன் இருக்குல்ல? அந்த நம்பரும் அவங்க ஆதாரும் வெச்சு ஒரு தடவை கடையில பதிஞ்சுவிடுங்க, அவங்க ஊர் சிம்மா இருந்தாலும் ஓடிபி இங்கயே வரும். நீங்க கூட நின்னு மொழிக்கு மட்டும் ஒத்தாசை பண்ணுங்க. இல்லைன்னா கடையே வேண்டாம், ஆளாளுக்கு பாஸ்புக் ஃபோட்டோ வாங்கி உங்க அக்கவுண்ட்ல இருந்தே கூலிய நேரா போட்டுவிட்டுடுங்க, கமிஷன் மிச்சம், கூலி குடுத்ததுக்கு உங்ககிட்ட கணக்கும் நிக்கும். மொத்தத்தையும் மேஸ்திரி அக்கவுண்ட்ல போடச் சொன்னா மட்டும் ஒவ்வொருத்தரையும் தனியா கேட்டுக்குங்க.

சிங்கப்பூர்ல இருந்து வீட்டுக்காரர் வெஸ்டர்ன் யூனியன்ல பணம் அனுப்பினார். நம்பர், ஆதார் எல்லாம் கொண்டுபோயும் பேரு சரியில்லைன்னு தர மாட்டேங்குறாங்க. அடுத்து வீட்டுக்காரரோட அண்ணன், கோயில் கும்பாபிஷேகத்துக்கும் இதே வழியில அனுப்பணும்ங்குறார், அனுப்பலாமா?
வாசகி, மன்னார்குடி

நம்ம பக்கம் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை இருக்கு. ஆதார்ல இன்ஷியல் பின்னாடி, ரேஷன் கார்டுல முன்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா, அவர் அங்க கவுண்டர்ல எழுதுனது வீட்டுல கூப்பிடுற பேரு. இங்க நீங்க சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. அவரு அனுப்புன கவுண்டருக்கே ரசீதோட போய், அந்த 10 இலக்க எம்டிசிஎன் நம்பர, அதாவது பணம் வாங்கக் காட்டுற நம்பரச் சொல்லி, உங்க ஆதார்ல இருக்குற மாதிரி எழுத்துக்கு எழுத்து திருத்தச் சொல்லணும், சின்னத் திருத்தம்னா பண்ணிடுவாங்க. இனிமே ஆதார ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி வெச்சுடுங்க, அதைப் பார்த்தே எழுதட்டும். அந்த எம்டிசிஎன் நம்பர மட்டும் குடும்ப குரூப்ல போடாதீங்க.

கும்பாபிஷேகத்துக்கு இந்த வழி கிடையாது. வெளிநாட்டுல இருந்து இப்படி வர்ற பணம் குடும்பச் செலவு மாதிரி சொந்தத் தேவைக்கு மட்டும்தான், டிரஸ்ட் நன்கொடை, நிலம் வாங்குறது, வியாபாரம் எதுக்கும் அனுப்பக் கூடாது. ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஒருத்தருக்கு வருஷத்துக்கு 30 தடவை, அதுலயும் 50,000 ரூபாய் வரைக்கும்தான் கையில காசு, மேல போனா அக்கவுண்ட்டுல போடுவாங்க, அல்லது செக்கா தருவாங்க.

அதே வெஸ்டர்ன் யூனியன் கவுண்டர்ல இங்கிருந்து துபாய்ல இருக்குற தம்பிக்குப் பணம் அனுப்ப முடியுமா?
வாசகர், திருத்துறைப்பூண்டி

முடியாது. அது உள்ள வர்ற பணத்துக்கு மட்டும். வெளிய அனுப்பணும்னா பேங்க்குக்குப் போங்க.

படுத்த படுக்கையா இருக்குற எங்க அத்தைக்கு அக்கவுண்ட் கிடையாது. மாசாமாசம் ஆயிரம் ரூபாய் எப்படி அனுப்புறது?
வாசகி, வேதாரண்யம்

மணியார்டர்தான். 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கமிஷன், ஆயிரத்துக்கு 50 ரூபாய் வரும், கடையில இதே தொகைக்கு சுமார் 10 ரூபாய்தான் ஆகும்னு பக்கத்து வீட்டுல சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும், கடைப் பணம் அக்கவுண்ட் இருக்குறவங்களுக்குத்தான் போகும், தபால்காரர் அத்தை கட்டில் வரைக்கும் வந்து எண்ணிக் குடுத்துட்டு கையெழுத்தோ ரேகையோ வாங்கிட்டுப் போவார். வீட்டு அட்ரஸோட பின்கோடு சரியா எழுதுங்க, பக்கத்துல ஒரு ஃபோன் நம்பரும் குடுத்துடுங்க.