வாசகர் கேள்விகள்: ஆபரா கண்டக்டர் ஆக எங்கே தொடங்குவது?

சர்ச் கொயரை நடத்திப் பழகியிருக்கிறேன். ஜெர்மன் ஆபரா (பாட்டாலேயே நடக்கும் நாடகம்) அரங்கில் கண்டக்டராக, அதாவது ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவராகச் சேர வழி என்ன?

பியானோ வழியாகத்தான். அங்கே முதல் படி ‘கொரெப்பெட்டிட்டர்’. பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பாடம் ஏற்றும் வேலை இது. அடுத்து இரண்டாம் கபெல்மைஸ்டர் (அரங்கின் கண்டக்டர் பதவி), முதல் கபெல்மைஸ்டர், உச்சியில் தலைமை இசை இயக்குநர். ஒப்பந்தத்தில் ‘நடத்தும் பொறுப்புடன்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் ஆண்டுக்கணக்கில் பியானோவோடு நின்றுவிட நேரும்.

தேர்வில் மோட்சார்ட்டின் ‘ஃபிகரோ’ இரண்டாம் அங்க இறுதிக்காட்சி, ‘கார்மென்’ ஐவர் பாட்டு போன்றவற்றைக் கேட்பார்கள். வாசித்துக்கொண்டே, அங்கே இல்லாத பாடகரின் வரியையும் பாட வேண்டும். குரல் இனிமை முக்கியமல்ல; சொல்லும் தாளமும் தவறக்கூடாது. பலர் சறுக்குவது அச்சிட்ட எல்லாச் சுரத்தையும் வாசிக்க முயன்றுதான். நடுச் சுரங்களை விடலாம், இடக்கையின் பேஸ் (கீழ்ச் சுரங்களின்) ஓட்டத்தை விடக்கூடாது. பாடகர் பிடித்து நிற்பது அதைத்தான். கண்ணும் தாளைவிடக் கண்டக்டரின் கோலில் அதிகம் இருக்கட்டும்.

பொறுமை வேண்டும். பிற்காலத்தில் பெரும் புகழ்பெற்ற கண்டக்டர் ஜார்ஜ் சோல்டி 1930இல் புடாபெஸ்ட் ஆபராவில் இந்த வேலையில் சேர்ந்தார்; அங்கே நடத்தக் கிடைத்தது 1938இல். யூதர் என்பதும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம்.

மேடைக்குப் பின்னால் நின்று பாடும் கொயர் ஏன் பிந்துகிறது? சுருதியும் ஏன் இறங்குகிறது?

ஒலி 34 மீட்டர் கடக்க ஏறத்தாழ 0.1 வினாடி ஆகும். ஆர்கெஸ்ட்ராவைக் காதால் கேட்டுப் பாடினால் போக 0.1, வர 0.1. நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் ஓர் அடி அரை வினாடிதான், 0.2 வினாடி பிந்தினால் அரங்கில் பட்டென்று தெரியும். ஆகவே காதை நம்பாமல், கண்டக்டரைக் காட்டும் திரையைப் பார்த்து, கொயர் டைரக்டர் ஒரு மயிரிழை முன்னதாக அடி கொடுப்பார். சில திரைகளில் படமே தாமதித்து வரும். ஒத்திகைக்கு முன் சோதித்துவிடுங்கள்.

சுருதி இறங்கக் காரணம், பிடித்துக்கொள்ள ஆதாரச் சுரம் காதில் விழாததும், நெடுநேரம் மிக மெல்லப் பாடுவதும். ‘மெல்ல, மெல்ல’ என்று அடக்காதீர்கள். மூச்சுத் தாங்கலோடு பாடவிட்டு, அரங்கில் ஒலி குறைய, கதவைப் பாதி சாத்துங்கள். பக்கத்தில் சிறு ஆர்கன் வைப்பது வழக்கம். ‘மேடம் பட்டர்ஃப்ளை’ ஆபராவில் வாய் மூடி முனகும் கொயருக்குத் துணையாக, அதை இயற்றிய புச்சினி ஒரு வியோலா தாமோரேயையே (வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம்) மேடைக்குப் பின்னால் வைத்தார். அதே மெட்டை அது கூடவே வாசிக்கும்.

கொயர் டைரக்டராகப் போனால் ஆர்கெஸ்ட்ராவை நடத்த வாய்ப்பே வராதா?

தனிக் கிளைதான், ஆனால் அடைத்த கிளை அல்ல. சிகாகோ சிம்ஃபனி கொயரை 1957இல் தொடங்கிய மார்கரெட் ஹில்லிஸ், 1977இல் கார்னகி ஹாலில் மாலரின் எட்டாம் சிம்ஃபனியை நடத்தினார். எட்டுத் தனிப்பாடகர், இரண்டு பெரிய கொயர், சிறுவர் கொயர் கொண்ட படைப்பு அது. அதை நடத்தவிருந்து, காயம்பட்டு வர முடியாமல் போனவர் சோல்டி. கொயரைத் தயார்செய்தவருக்கு முழு ஸ்கோரும் (எல்லாக் குரல், வாத்திய வரிகளும் சேர்ந்த இசைத்தாள்) கைவசம் இருந்ததால்தான் குறுகிய அவகாசத்தில் மேடையேற முடிந்தது. எனவே கொயர் வரிகளோடு நிறுத்தாமல், ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரையும் இன்றே படிக்கத் தொடங்குங்கள்.