தீர்ந்த பொருளை ‘இருக்கிறது’ என்கிறதா உங்கள் ஏஐ ஏஜென்ட்?

கேள்வி: எங்கள் ஆன்லைன் கடைத் தரவை ஏஐ ஏஜென்ட் ஒன்றுடன் இணைத்திருக்கிறோம். பொருள் தேடல், ஸ்டாக், ஆர்டர் நிலை, ரீஃபண்ட் என நான்கு டூல்கள் (ஏஜென்ட் அழைத்துப் பயன்படுத்தும் செயல்பாடுகள்). நீல நிறச் சட்டை மீடியத்தில் இருக்கிறதா என்று கேட்டால், தீர்ந்துபோயிருந்தாலும் ‘இருக்கிறது’ என்கிறது. வாடிக்கையாளர் சரியான ஆர்டர் எண்ணைத் தந்தாலும் ‘அப்படி ஒரு ஆர்டர் இல்லை’ என்கிறது. ஏஜென்ட்டை இயக்கும் ஏஐ மாடலை மாற்ற வேண்டுமா?

பதில்: அதற்கு முன் டூல் விளக்கங்களை எடுத்துப் படியுங்கள். உங்கள் கோடோ டேட்டாபேஸோ மாடலின் கண்ணில் படுவதில்லை. டூலின் பெயர், அதன் விளக்கம், பாராமீட்டர் ஸ்கீமா (டூலுக்கு அனுப்ப வேண்டிய மதிப்புகளின் பெயர், வகைப் பட்டியல்) ஆகியவற்றை வைத்துத்தான் எதை அழைப்பது, எதை அனுப்புவது என்று அது முடிவெடுக்கிறது. தேடல் டூலுக்கு ‘பொருள் விவரங்களைத் தரும்’ என்று ஒரே வரி எழுதியிருந்தால், ஸ்டாக்கும் பொருள் விவரம்தானே என்று அது நினைப்பதில் தப்பில்லை.

சட்டைச் சிக்கலின் வேர், பொருளுக்கும் வேரியன்ட்டுக்கும் உள்ள வேறுபாடு. தேடலில் கிடைப்பது சட்டை. ஸ்டாக் எண்ணிக்கை இருப்பதோ நிறமும் அளவும் சேர்ந்த வேரியன்ட்டில். பொருள் மட்டத்தில் ‘அவைலபிள்’ என்றொரு புலம் இருந்தால், ஏதோ ஒரு வேரியன்ட் மிச்சமிருந்தாலே அது ‘ஆம்’ என்று வரும். மாடல் அதைப் பார்த்துத்தான் பதில் சொல்லிவிடுகிறது. அந்தப் புலத்தை எடுத்துவிடுங்கள், அல்லது அர்த்தம் விளங்கும்படி பெயர் மாற்றுங்கள். தேடல் டூலின் விளக்கத்தை இப்படி எழுதலாம்:

“பெயர் அல்லது வகையைக் கொண்டு பொருள்களைத் தேடும். ஒவ்வொன்றுக்கும் பெயர், பொருள் ஐடி, நிறம், அளவு, வேரியன்ட் ஐடிகள் தரும். ஸ்டாக் எண்ணிக்கை தராது. குறிப்பிட்ட நிறமோ அளவோ இருக்கிறதா என்று அறிய, இங்கே கிடைக்கும் வேரியன்ட் ஐடியுடன் ஸ்டாக் டூலை அழைக்கவும். ஒரு முறைக்கு அதிகபட்சம் 20 முடிவுகள்; மேலும் இருந்தால் அடுத்த பக்கத்துக்கான டோக்கன் வரும்.”

இதில் அதிகம் உழைப்பது ‘தராது’ என்ற வரி. ஒரு டூல் எதைச் செய்யாது, அதற்கு எங்கே போக வேண்டும் என்பதைப் பெரும்பாலானோர் எழுதுவதே இல்லை. வாடிக்கையாளர் தமிழில் கேட்டு, பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தால், தேடல் சொல்லை ஆங்கிலத்தில் அனுப்பச் சொல்லி பாராமீட்டர் விளக்கத்தில் ஒரு வரி சேருங்கள்.

ஸ்டாக் டூலில் 0 வேறு, வெற்று மதிப்பு வேறு. 0 என்றால் தீர்ந்துவிட்டது. வெற்று என்றால் அந்தப் பொருளுக்கு எண்ணிக்கையே கண்காணிக்கப்படவில்லை. கிடங்கில் இருப்பதும் விற்கக்கூடியதும் கூட ஒன்றல்ல, ஏற்கெனவே ஆர்டராகி இன்னும் அனுப்பாதவை கிடங்கு எண்ணிக்கையில் அடங்கியிருக்கும். நீங்கள் தருவது எது என்று எழுதுங்கள்.

ஆர்டர் சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணம் ‘ஐடி’ என்ற பாராமீட்டர் பெயர். வாடிக்கையாளரின் மின்னஞ்சலில் இருப்பது #1043 போன்ற ஆர்டர் எண். உங்கள் ஏபிஐ (டூல் தரவைக் கேட்டுப் பெறும் வழி) எதிர்பார்ப்பது உள் ஐடி, அதாவது கடை மென்பொருள் தனக்குள் வைத்திருக்கும் அடையாளம். பெயரை ‘ஆர்டர் எண்’ என்றே மாற்றி, ஒரு மாதிரியும் கொடுங்கள்; அந்த எண்ணுக்கு உரிய உள் ஐடியைத் தேடி எடுப்பதை உங்கள் கோட் செய்யட்டும். வகையை எண்ணாக இல்லாமல் ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) வையுங்கள்: முன்னால் வரும் பூஜ்யங்கள் தொலையாது, மிக நீண்ட ஐடிகளின் கடைசி இலக்கங்களும் ஜாவாஸ்கிரிப்ட்டில் பிசகாது. # குறியை நீக்குவதை மாடலிடம் கேட்காமல் கோடிலேயே செய்துவிடுங்கள். பிழைச் செய்தியும் விளக்கத்தின் ஒரு பகுதிதான். வெறும் ‘கிடைக்கவில்லை’ என்பதற்குப் பதில், ‘இது உள் ஐடி வடிவில் உள்ளது; மின்னஞ்சலில் உள்ள ஆர்டர் எண்ணைக் கேட்கவும்’ என்று திருப்பி அனுப்பினால் ஏஜென்ட் தானே சரிசெய்துகொள்ளும்.

ஆர்டர் நிலைகளை ‘enum’ ஆக, அதாவது வரக்கூடிய மதிப்புகளின் நிலையான பட்டியலாகத் தந்து, ஒவ்வொன்றின் அர்த்தத்தையும் எழுதுங்கள். ‘ஃபுல்ஃபில்ட்’ என்பது பல தளங்களில் அனுப்பியாயிற்று என்பதைத்தான் குறிக்கும், கையில் சேர்ந்ததை அல்ல. சில தளங்கள் விலையைச் சென்ட், பைசா போன்ற சில்லறை அலகில் தருவதால், 2499 என்று வந்தால் அது 24.99 ஆகவும் இருக்கலாம். யென்னுக்குச் சில்லறை அலகு இல்லாததால் அங்கே அது 2499 தான். அலகையும் நாணயக் குறியீட்டையும் சேர்த்தே தாருங்கள். தேதிக்கு நேர மண்டலம் வேண்டும்.

ரீஃபண்ட் டூலில் ‘பணத்தை உண்மையாகவே திருப்பி அனுப்பும், மீட்க முடியாது, முதலில் ஆர்டர் நிலையைப் பார்க்கவும்’ என்று எழுதுங்கள். ஆனால் விளக்கம் பூட்டு அல்ல. தொகை வரம்பு, மனித ஒப்புதல், ஒரே ரீஃபண்ட் இரு முறை போகாமல் தடுக்கும் சாவி (ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் தரும் தனி அடையாளம்) ஆகியவை சர்வரில் இருக்க வேண்டும்.

திருத்தியபின் வாடிக்கையாளர்கள் உண்மையில் கேட்ட 30 கேள்விகளை ஓட்டி, எந்த டூல் எந்த மதிப்புகளுடன் அழைக்கப்பட்டது என்று லாகில் (இயக்கப் பதிவில்) பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு சிக்கலுக்கான மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். தவறான டூல் அழைக்கப்பட்டிருந்தால் அதன் விளக்கத்தையும், அழைக்க வேண்டியிருந்த டூலின் விளக்கத்தையும் சேர்த்தே திருத்த வேண்டும். டூல் சரி, மதிப்பு தவறு என்றால் கோளாறு பாராமீட்டர் விளக்கத்தில். இரண்டும் சரியாக இருந்தும் பதில் பிசகினால், டூல் திருப்பித் தரும் புலங்களின் பெயர்களைப் பாருங்கள்.